நோவாத பல்

பல்லைப் பற்றி ஓர் இலக்கிய ஏட்டில் எழுதுவதா என்று வாசகர் சிலர் முகஞ்சுளிக்கக் கூடும். அறம், அழகு, விடுதலை என்பன போன்ற பெரும் பொருள்களே சிந்தனைக்குரியன என்று கொள்ளும் பழக்கம் எம்மிடையே ஊறிப்போயிருக்கின்றது. ஆயின், அறம் வானத்திலிருந்து இறங்கி வருவதன்று. உண்பதிலும் உடுப்பதிலும், நோயிலும் மருந்திலும், கையிலுள்ள சில ரூபாய்களை இதற்குச் செலவிடுவதா அதற்குச் செலவிடுவதா என்ற அன்றாடத் திண்டாட்டத்திலுமே அது பிறக்கின்றது. முதியவர் ஒருவரின் கடைவாய்ப் பல் இதனை எமக்கு உணர்த்திற்று. அதனாலேயே இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

எமக்குத் தமிழ் கற்பித்த ஆசிரியர் ஒருவர் யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கிராமமொன்றில் வாழ்கின்றார். வயது எழுபத்திரண்டு. மனைவியை இழந்தவர், ஓய்வூதியம் பெறுபவர், மகளின் குடும்பத்தோடு இருப்பவர், பல ஆண்டுகளாகச் சலரோகத்துக்கு மருந்து உண்பவர். சென்ற ஆண்டு அவருடைய பல்லொன்றின் விளிம்பு உடைந்து நாக்கை அறுத்தது. அரசாங்க வைத்தியசாலைக்கு அவரை அழைத்துச் சென்றோம். பல் வைத்தியர் உடைந்த விளிம்பை அராவி மழுக்கினார். பின்னர் ஏதோ ஐயங்கொண்டு எக்ஸ்றேப் படம் எடுப்பித்தார். நாக்கை அறுத்த பல்லில் வேறு குற்றம் இருக்கவில்லை. அதற்கு அடுத்த கடைவாய்ப் பல்லின் வேர் நுனியிலேதான் கரிய நிழல் ஒன்று தெரிந்தது. பழைய அடைப்பின் கீழே சூத்தை பரவியிருக்கின்றது. பல்லினுள்ளே இருந்த நரம்பும் குருதிக் குழாய்களும் எப்போதோ இறந்துவிட்டன. கிருமிகள் வேர் வழியே இறங்கித் தாடை எலும்பைச் சிறிது சிறிதாக அரிக்கின்றன என்று வைத்தியர் விளக்கினார்.

அந்தப் பல்லுக்கு மூன்று வழிகள் உண்டு என்றார் அவர். வேரின் உட்குழாயைத் துப்புரவாக்கி அடைத்து, மேலே உறையிட்டுப் பல்லைக் காப்பது ஒன்று. இதற்குப் பலமுறை வரவேண்டும். உறையை வெளியிலே பணங் கொடுத்துத்தான் செய்விக்கவேண்டும். பல்லைப் பிடுங்கிவிடுவது மற்றொன்று. ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டு சும்மா விடுவது மூன்றாவது. சலரோகம் உள்ளவருக்கு அதனைத் தாம் விரும்பிச் சொல்லமாட்டார் என்பதையும் சேர்த்துக் கூறினார். மேல்வாயில் முன்பே விழுந்துபோன இரு பற்களின் இடைவெளியையும் காட்டி, வேண்டுமானால் அங்கே கட்டுப்பல் வைக்கலாம் என்றார்.

எமது ஆசிரியர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சிரித்தார். "நோகாத பல்லுக்கு ஏன் தம்பி வைத்தியம்? இன்னும் எத்தனை வரியத்துக்கு எனக்கு இந்தப் பல் வேணும்?" என்றார்.

அந்த விடையை நாம் வியந்தோம். உடலைப் பற்றிய கவலையைக் கடந்த பெரியவர் என்று ஆசிரியர் அறையிலே நண்பர்களுக்கு எடுத்துரைத்தோம். சில வாரங்கள் கழித்து அவருடைய மகள் சொல்லித்தான் எஞ்சிய கதை தெரியவந்தது. உறைக்கு எவ்வளவு செலவாகும் என்று அவர் தனியாக விசாரித்திருக்கின்றார். பேர்த்தியின் ரியூசன் காசோடு அதனை ஒப்பிட்டுப் பார்த்திருக்கின்றார். தம்மை அழைத்துச் செல்வதற்காக நாம் நாலைந்து நாள் லீவு எடுக்கவேண்டிவரும் என்று கூசியிருக்கின்றார். இவை மூன்றையும் கூட்டிப் பார்த்த பின்னரே அவருடைய பல் "நோகாத பல்" ஆயிற்று. துறவு என நாம் கொண்டாடியது வறுமையும் கூச்சமும் சேர்ந்து போட்ட கணக்கேயாகும்.

இன்னோர் உண்மையையும் ஒளிக்காது கூறவேண்டும். அவர் வேண்டாம் என்றபோது எமது நெஞ்சின் ஒரு மூலையிலே நிம்மதி தோன்றியது. பஸ்ஸுக்கும் கிளினிக் வரிசைக்கும் அதிபரிடம் லீவு கேட்பதற்கும் இனி அவசியமில்லை என்ற நிம்மதி அது. அவருடைய பற்றின்மையை நாம் புகழ்ந்த புகழ்ச்சியிலே எமது சோம்பலும் கலந்திருந்தது. தமக்கு வசதியான விடையை ஒருவர் ஞானம் என்று புகழும்போது அவரைச் சற்றே சந்தேகிப்பது நல்லது. அச்சந்தேகத்தை எம்மீதே திருப்பியபோது பிறந்த கேள்விகளைத்தான் இங்கே வாசகர் முன் வைக்கின்றோம்.

முதலாவது கேள்வி, நோவின்மை எதற்குச் சான்று என்பது. நோவு நோயைப் பற்றிய செய்தி. செய்தி வராமையால் நோய் இல்லை என்றாகிவிடாது. சூத்தைப் பல் முதலிலே குளிருக்குக் கூசும். பின்னர் இராப்பகலாக நோகும். அதன்பின் ஒருநாள் நோவு தானாக நின்றுவிடும். "மாறிவிட்டது" என்று மனிதர் மகிழ்வர். உண்மையில் அன்றுதான் பல்லின் நரம்பு இறந்திருக்கும். நோய் மாறியதால் நோவு நிற்கவில்லை; நோவை உணரும் உறுப்பே செத்துவிட்டதால் நின்றது. முரசு நோயும் இத்தகையதே. பல்லைத் தாங்கும் எலும்பு பல ஆண்டுகளாகக் கரைந்தாலும், பல் ஆடத் தொடங்கும்வரை பலருக்கு எதுவும் தெரிவதில்லை. முதுமையில் முரசு கீழிறங்க, கவசமற்ற வேர்ப்பகுதி வெளிப்படுகின்றது. பிற நோய்களுக்கு உண்ணும் மருந்துகள் பல வாயை உலரச் செய்கின்றன. உமிழ்நீர் குறைந்த வாயிலே அவ்வேர்ப்பகுதியைச் சூத்தை எளிதாகப் பற்றுகின்றது. சலரோகம் முரசு நோயை வளர்க்கும். முரசு நோய் சலரோகத்தைக் கட்டுப்படுத்துவதைக் கடினமாக்கும். இவ்வளவும் ஓசையின்றி நடக்கக் கூடியவை.

எமது மக்களுக்கு இதனிலும் நெருங்கிய உதாரணம் ஒன்றுண்டு. இலங்கை ஆண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப்புற்றுநோயே. வெற்றிலை, பாக்கு, புகையிலை என்பவற்றுக்கும் அதற்குமுள்ள தொடர்பு ஐயத்துக்கிடமின்றி நிறுவப்பட்டிருக்கின்றது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் புகையிலை சேர்ந்த வெற்றிலைக் கூட்டைப் புற்றுநோய் விளைவிப்பதாக 1985 இலும், புகையிலை சேராததையும் பாக்கையும் அவ்வாறே 2004 இல் வெளியான நூலிலும் வகுத்தது. அந்நோய்க்கு முன்னோடியாக வாயிலே தோன்றும் வெண்படலம் பெரும்பாலும் நோவதில்லை. "நோகவில்லை, விடு" என்ற ஒரு சொல்லினால் உரிய காலத்தைத் தவறவிட்ட தோட்டத் தொழிலாளரும் கமக்காரரும் மீனவரும் எத்தனை பேர்! நோவு ஒன்றையே அளவுகோலாகக் கொள்வது, வீடு எரிந்து கூரை விழும்வரை புகையைப் பொருட்படுத்தாதிருப்பதைப் போன்றது.

அவ்வாறாயின், நோவாத குறைகள் அனைத்துக்கும் வைத்தியம் செய்தே தீரவேண்டுமா? இல்லை என்பதே எமது கருத்து. சிகிச்சை முறைகளை மதிப்பிடும் பிரித்தானியத் தேசிய நிறுவனம் 2000 ஆம் ஆண்டிலே ஒரு வழிகாட்டலை வெளியிட்டது. எலும்பினுள்ளே சிக்கிக் கிடந்தாலும் நோய் எதுவும் இல்லாத ஞானப் பற்களை வருமுன் காப்பு என்ற பெயரிலே பிடுங்கலாகாது என்பது அதன் சாரம். பிடுங்குவதால் வரும் தீங்கு உறுதி, விடுவதால் வரும் தீங்கு ஐயத்துக்குரியது என்னும்போது, கையைக் கட்டிக்கொண்டிருப்பதும் நல்ல வைத்தியமே. விழுந்த பல் ஒவ்வொன்றின் இடத்தையும் நிரப்பியே ஆகவேண்டும் என்ற கொள்கையும் இவ்வாறே தளர்ந்தது. நெதர்லாந்தின் நைமேகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கைசர் என்ற அறிஞர் 1980களின் தொடக்கத்திலே ஆராய்ந்து, கடைவாய்ப் பற்கள் சில இல்லாவிடினும் ஏறத்தாழ இருபது பற்களோடு மனிதர் போதிய அளவு மென்று உண்ண முடியும் என்று காட்டினார். மக்களின் அச்சத்தைப் பயன்படுத்தி, வேண்டாத உறையையும் வேண்டாத பல்லையும் விற்கும் வணிகம் உலகெங்கும் உண்டு. நோவின்மையை நம்பி ஏமாறுவது ஒரு பேதைமை; படத்தில் தெரியும் நிழல் ஒவ்வொன்றுக்கும் அஞ்சிப் பணப்பையைத் திறப்பது மற்றொரு பேதைமை.

வள்ளுவர் மருந்து பற்றிய அதிகாரத்திலே நோயாளியின் அளவு, நோயின் அளவு, காலம் என்னும் மூன்றையும் கருதிச் செய்யும்படி வைத்தியனுக்குக் கூறுகின்றார். நோய் இருக்கின்றதா என்பதோடு அவர் நிற்கவில்லை. யாருக்கு நோய், எவ்வளவு நோய், எப்போது என்று கேட்கின்றார். நாம் ஆராயும் பொருளுக்கு இதனிலும் பொருத்தமான அளவுகோலைத் தேடிப் போகவேண்டியதில்லை. மேல்வாயின் வெற்றிடமும் கீழ்வாயின் கரிய நிழலும் நோவாதவையே. ஆயின் முன்னது முடிந்துபோன இழப்பு. பின்னது நடந்துகொண்டிருக்கும் அழிவு. நோகின்றதா என்பதை விட்டு, வளர்கின்றதா, பரவுகின்றதா, பின்னர் திருத்த முடியுமா என்று கேட்டாற்றான் இவ்விரண்டின் வேறுபாடு புலனாகும்.

இரண்டாவது கேள்வி வயதைப் பற்றியது. "இன்னும் எத்தனை வரியத்துக்கு?" என்பது மனிதர் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளக்கூடிய நேர்மையான கேள்வி. தம் வாழ்வின் எஞ்சிய காலத்தை எவ்வாறு செலவிடுவது, எத்தனை நாளை வைத்தியசாலை வாங்கிலே கழிப்பது என்பதைத் தீர்மானிக்கும் உரிமை அவருக்குண்டு. ஆனால் அதே கேள்வியைப் பிள்ளைகளோ அரசாங்கமோ கேட்கும்போது அதன் பொருள் மாறிவிடுகின்றது. "உன்னால் இனி வருவாய் இல்லை, உனக்குச் செலவிடுவது நட்டம்" என்பதே அதன் உட்பொருளாகின்றது. உழைக்கும்வரை மனிதன், உழைப்பு ஓய்ந்ததும் சுமை என்று எண்ணும் ஒரு சமுதாயத்திலே, முதியவர்கள் அந்த எண்ணத்தைத் தாமே விழுங்கித் தம் சொந்தக் கருத்தைப் போல வெளியிடுகின்றனர். எமது ஆசிரியரின் சிரிப்பிலே எவ்வளவு அவருடையது, எவ்வளவு எம்முடையது என்று பிரித்தறிவது எளிதன்று.

கணக்கே பார்ப்பதென்றாலும் அதனைச் சரியாகப் பார்ப்போம். எழுபத்திரண்டு வயதினர் இன்னும் பத்தாண்டு வாழ்வது இன்று அரிய செய்தியன்று. நாளொன்றுக்கு மூன்று வேளை என்றால் பத்தாண்டில் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட வேளை உணவு. அந்த உணவை மென்று உண்பதா, கரைத்துக் குடிப்பதா என்பது சிறிய வேறுபாடன்று. மெல்ல முடியாதவர் கீரையையும் காயையும் பருப்பையும் விலக்கி, பாணைத் தேநீரிலே நனைத்து உண்டு காலங்கழிக்கின்றார், உடல் மெலிகின்றது. மேலும், பிற்போடுவதும் ஒரு முடிவே. இன்று தானாக நடந்து சென்று கதிரையில் அமரக்கூடியவர், எண்பத்தைந்து வயதிலே வீங்கிய முகத்தோடும் தளர்ந்த இதயத்தோடும் நள்ளிரவிலே தூக்கிச் செல்லப்பட நேரிடலாம். வயதாகிவிட்டது, ஆகவே விடுவோம் என்ற வாதத்தை, வயதாகின்றது, ஆகவே இப்போதே செய்வோம் என்றும் திருப்பலாம். எது பொருந்தும் என்பது அவரவர் உடலையும் நோயையும் பொறுத்தது.

மூன்றாவது கேள்வியே எமக்கு முதன்மையானதாகத் தோன்றுகின்றது. வேண்டாம் என்று சொல்பவர் உண்மையில் யார்? இதற்கு வரலாறு விடை கூறுகின்றது. பிரித்தானியாவில் 1948 ஆம் ஆண்டு யூலையிலே தேசிய சுகாதார சேவை தொடங்கி, பல் வைத்தியம் கட்டணமின்றிக் கிடைத்தபோது, கட்டுப்பல்லுக்கும் மூக்குக்கண்ணாடிக்கும் மக்கள் திரண்ட திரட்சி அரசாங்கத்தின் மதிப்பீடுகளையெல்லாம் மீறிவிட்டது. அவர்களுடைய பற்கள் 1948 இலே திடீரெனப் பழுதாகவில்லை. அதற்கு முன்னரும் அவ்வாய்கள் அவ்வாறே இருந்தன. ஆனால் கேட்டால் வேண்டாம், சமாளிக்கலாம் என்றே அம்மக்கள் சொல்லியிருப்பர். விலை நீங்கியதும் தேவை வெளிப்பட்டது. தேவையில்லை என்று எண்ணப்பட்டது தேவையை வெளியே சொல்ல முடியாமையே என்பதற்கு இதனிலும் தெளிவான சான்று வேண்டுமோ?

அதன் பின்கதையும் கவனிக்கத்தக்கது. 1951 இலே, கொரியப் போரை ஒட்டிப் படைச் செலவைப் பெருக்கிய தொழிற்கட்சி அரசாங்கம், பணத்துக்காகக் கட்டுப்பல்லின் மீதும் மூக்குக்கண்ணாடியின் மீதும் கட்டணம் விதித்தது. சுகாதார சேவையை உருவாக்கிய அனைரின் பெவன் இதனை எதிர்த்து மந்திரிப் பதவியைத் துறந்தார். ஹரோல்ட் வில்சனும் உடன் விலகினார். பல்லுக்காகப் பதவி துறப்பதா என்று நகைத்தோர் இருந்திருப்பர். ஆயின் பெவன் பாதுகாக்க முயன்றது பல்லை மட்டுமன்று. நோயின்போது எவரும் பணப்பையைப் பார்த்து விடை சொல்லும் நிலை வரலாகாது என்ற கொள்கைக்காகவே அவர் விலகினார். சேவையைக் குறைக்க விரும்பும் அரசு முதலிலே கைவைப்பது வாயில்தான். பல் இன்றியும் மனிதர் சாவதில்லை அல்லவா?

முதுமை என்றால் பல் விழும், அது இயற்கை என்று சொல்வோருக்கு யப்பானின் அனுபவத்தைக் காட்டலாம். எண்பது வயதிலும் இருபது பல் என்ற இயக்கத்தை அந்நாட்டுச் சுகாதார அமைச்சும் பல் வைத்தியர் சங்கமும் 1989 இலே தொடங்கின. அக்காலத்தில் எண்பது வயதினரிலே பத்தில் ஒருவருக்கும் குறைவானோரே அந்நிலையில் இருந்தனர். 2016 இன் கணக்கெடுப்பிலோ பாதிக்கு மேற்பட்டோர் அந்த இலக்கை எட்டியிருந்தனர். மனிதரின் தாடை முப்பது ஆண்டுகளில் மாறிவிடவில்லை. மாறியது சமுதாயத்தின் ஏற்பாடே. விதி என்று நாம் பெயரிட்டிருப்பவற்றிலே எத்தனை இவ்வாறு ஏற்பாடின்மையின் மறுபெயர்களோ!

எமது நாட்டிலே அரசாங்க வைத்தியசாலைகளில் பல் வைத்தியத்துக்குக் கட்டணமில்லை. இது எளிதில் கிடைத்த பேறன்று. 2022 இன் பொருளாதார நெருக்கடியிலே மருந்துகள் அருகியபோது இதன் அருமையை அனைவரும் உணர்ந்தோம். 1950களிலே நியூசிலாந்தின் உதவியோடு மகரகமையிலே தொடங்கிய பயிற்சியின் பயனாகப் பாடசாலைப் பிள்ளைகளின் பற்களைப் பார்க்கும் சேவையும் இருக்கின்றது. ஆனால் கட்டணம் இல்லை என்பதாலேயே தடை இல்லை என்றாகிவிடாது. தூரம் ஒரு தடை. விடியற்காலை வரிசை ஒரு தடை. அன்றைய கூலியை இழப்பது ஒரு தடை. உடன் செல்ல ஆளின்மை ஒரு தடை. பல்லைப் பிடுங்குவது எங்கும் எளிது. பல்லைக் காப்பது நகருக்கும் பணத்துக்கும் உரியதாகவே பெரும்பாலும் இருக்கின்றது. இத்தடைகளின் நடுவே நிற்கும் முதியவரிடம் "உங்கள் விருப்பம் என்ன?" என்று கேட்டு, அவர் சொன்னதைச் சுதந்திரமான முடிவு என்று எழுதிக்கொள்வது பெரும் மோசடி.

ஆகவே இளையவர்களாகிய எமது கடமை யாது? கட்டாயப்படுத்துவதன்று. "உங்களுக்கு ஒன்றும் தெரியாது, வாருங்கள்" என்று முதியவரைக் குழந்தையாக்கி இழுத்துச் செல்லும் அன்பும் ஒருவகை அதிகாரமே. அவர் வேண்டாம் என்றதும் மகிழ்ந்து ஒதுங்குவதும் அன்று. உண்மையை மறைக்காமலும் மிகைப்படுத்தாமலும் முழுமையாகச் சொல்வது முதற் கடமை. பணம், பயணம், துணை என்னும் தடைகளை இயன்றவரை அகற்றுவது இரண்டாவது. அதன்பின் அவர் சொல்லும் விடைக்குப் பணிவது மூன்றாவது. இவ்வரிசையை மாற்றி, முதலிரண்டையும் செய்யாமல் மூன்றாவதை மட்டும் செய்வதையே நாம் முன்னர் மரியாதை என்று கருதியிருந்தோம்.

இத்தெளிவு பிறந்தபின் மீண்டும் எமது ஆசிரியரிடம் சென்றோம். அவரிடம் படித்தவர்கள் நால்வர் ஆளுக்கொரு நாள் லீவு எடுப்பதென்றும், உறைக்கான செலவைப் பங்கிடுவதென்றும் முன்பே பேசிவைத்திருந்தோம். அவர் முதலிலே கோபித்தார். பின்னர் அமைதியாகக் கேட்டார். பல் வைத்தியரிடம் இம்முறை அவரே கேள்விகளைத் தொடுத்தார். விட்டால் என்ன நடக்கும்? பிடுங்கினால் சாப்பாடு எப்படி? காத்தால் எத்தனை காலம் நிற்கும்? ஒரு வாரம் யோசித்துவிட்டு, நிழல் விழுந்த பல்லைப் பிடுங்குவதென்றும் மேல்வாயின் இடைவெளியை அப்படியே விடுவதென்றும் முடிவு செய்தார்.

எமக்கு இதில் முழு உடன்பாடு இருக்கவில்லை. பல்லைக் காத்திருக்கலாம் என்றே பட்டது. அதனை அவரிடம் சொல்லவும் செய்தோம். "காசைப் பற்றி யோசிக்காதையுங்கோ மாஸ்டர்" என்றோம். அவர் எமது தோளிலே கைவைத்துச் சொன்னார்: "முந்தி வேண்டாமெண்டு சொன்னது காசு, தம்பி. இப்ப வேண்டாமெண்டு சொல்லுறது நான்."

அதற்குமேல் நாம் வாதிக்கவில்லை. பல் பிடுங்கப்பட்டது, சலரோகம் கட்டுப்பாட்டில் இருந்தமையால் புண்ணும் விரைவிலே ஆறிற்று. எஞ்சிய பற்களால் அவர் முன்போலவே உண்கின்றார். அவர் தெரிந்துகொண்டதுதான் சரியான முடிவா என்று எவராவது கேட்டால், அது அவருடைய முடிவு என்பதே எமது விடை.

இக்கட்டுரையைப் படிக்கும் ஆசிரிய நண்பர்களின் வீடுகளிலும் மாணவர்களின் வீடுகளிலும் "எனக்கு ஒன்றும் நோகவில்லை" என்று சொல்லும் முதியவர் ஒருவர் இருப்பார். அவருடைய சொல்லை மதிப்போம். ஆனால் அதற்கு முன்னர், எவ்வளவு செலவாகும் என்று அவர் யாரிடமாவது விசாரித்தாரா, யாருடைய லீவை எண்ணிக் கூசினார் என்று கேட்டறிவோம். ஊரிலே பத்து முதியவர்கள் ஒரே விடையைச் சொல்வார்களாயின், அதனைப் பத்துப் பேரின் குணமென்று கொள்ளாமல், அவர்களுக்கு வைத்தியசாலை எட்டாத தூரத்தில் இருக்கின்றதா என்று பார்ப்போம். அத்தூரத்தைக் குறைக்கும்படி ஊர்ச் சங்கங்களிலும் ஆசிரியர் சங்கங்களிலும் குரல் எழுப்புவது எமது வேலை. பல்லை வைத்திருப்பதா பிடுங்குவதா என்பதை அதன்பின் அவர்களே தீர்மானித்துக்கொள்வர்.